பூஜை போட்ட அம்பாசிடர்

எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் யார் வண்டி வாங்கி ராஜகோபுரத்துக்கு முன்னால் பூஜைக்கு நிறுத்தினாலும், சூடம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஆள் வந்தாக வேண்டும். டாக்சி ஸ்டாண்டு கோதண்டராமன். காக்கிச் சட்டை, காதோரம் செருகிய பீடி, இப்போதுதான் யாரையோ திட்டிவிட்டு வந்தது போன்ற முகம். வந்தவுடன் அவர் கோபுரத்தைக் கும்பிட மாட்டார். வண்டிக் கதவைத் திறந்து, குனிந்து, காலடியில் போட்டிருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்ப்பார். பின் சீட்டைக் கழற்றிப் பார்ப்பார். தலையை உள்ளே விட்டு மூச்சை ஒரு தடவை ஆழமாக இழுப்பார். அதற்கப்புறம்தான், "ம், ஏத்துங்க சாமி" என்பார். சூடம் எரியும்.

புத்தம் புது வண்டியாகவே இருந்தாலும் இந்தச் சடங்கு உண்டு. "கம்பெனிலேர்ந்து நேரா வருதுப்பா, இதுல இன்னா பாக்கப் போற?" என்று கேட்டவர்கள் உண்டு. "வரட்டுமே. மேட்டத் தூக்கினா தேஞ்சா பூடும்?" என்பார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்ததில்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கோதண்டராமனின் வண்டிக் கதை தெரியும்.

அது எழுபத்தைந்தில் தொடங்கிய கதை. அப்போது அவருக்கு முப்பது வயது. பரசுராமன் என்ற முதலாளியின் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பரசுராமனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்தை இழுத்தடிக்க மாட்டார், கார்த்திகை தீபத்துக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். வண்டி விஷயத்தில் மட்டும் மனிதர் ஒரு மாதிரி. சீட்டில் டிக்கெட் உட்காரலாம், அதாவது காசு கொடுத்து வருகிறவர் உட்காரலாம். வேறு ஒரு ஈ உட்காரக் கூடாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கோதண்டராமன் கீழ்பென்னாத்தூருக்கு டிக்கெட் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியிருந்தது. கீழ்பென்னாத்தூர் அவர் மாமியார் ஊர். மனைவி உண்ணாமலை அங்கேதான் பிரசவத்துக்குப் போயிருந்தாள். குழந்தை வேதாவுக்கு மூன்று மாதம். புருஷன் வீட்டுக்குத் திரும்ப நாள் பார்த்து, மூட்டை கட்டி, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். மழை கொட்டுகிறது. பஸ்ஸைக் காணோம். வெறும் வண்டி போகிறது. எந்தப் புருஷன் ஏற்றாமல் போவான்? ஏற்றினார்.

திருவண்ணாமலை ஸ்டாண்டில், போதாத காலம், பரசுராமன் குடையோடு நின்றிருந்தார். பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவளை ஒரு பார்வை பார்த்தார்.

"எறங்கும்மா. இது டிக்கெட்டு ஏத்தற வண்டி."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. ஒன்பது டிரைவர்கள் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்ணாமலை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி, மழையில் வீட்டுக்கு நடந்தாள். கோதண்டராமன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளை அப்போதே வெட்டிப் போட்டிருக்கலாம் என்று பிற்காலத்தில் சொல்வார்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "இனிமே கார்னு ஏறினா நம்ம கார்லதாங்க ஏறுவேன். அது வரைக்கும் பஸ் இருக்குது, கால் இருக்குது."

பொம்பளைகள் ஆத்திரத்தில் சொல்வது நாலு நாளில் ஆறிவிடும் என்று கோதண்டராமன் நினைத்தார். தப்புக் கணக்கு. இரண்டாவது பிரசவத்துக்கு வலி எடுத்தபோது, தெருமுனையில் அவருடைய சிநேகிதனின் டாக்சி நின்றது. அவள் ஜட்காவில்தான் போவேன் என்றாள். குழந்தை தங்கவில்லை. அது வண்டியால் வந்த வினை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனாலும் அந்த நாளுக்கப்புறம் கோதண்டராமனுக்குச் சொந்த வண்டி என்பது ஆசையாக இல்லை. வயிற்றில் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் பசியாக ஆகிவிட்டது. தன் வண்டியில், முன் சீட்டில், தனக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து மலையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்கப்புறம் வண்டி ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டார். சாமியிடம் வேண்டும்போது வார்த்தையைப் பார்த்து விட வேண்டும். அது அவருக்குத் தெரியாமல் போயிற்று.

பத்து வருஷம் ஓடியது. எண்பத்தைந்து நவம்பரில் மெட்ராஸில் வெள்ளம். அந்த வாரம் ஒரு கல்யாணப் பார்ட்டியோடு போன கோதண்டராமன் அங்கே மாட்டிக்கொண்டார். ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்தால், தெருவெல்லாம் ஆறு. வரிசையாகக் கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. எருமைகள் முங்கிக் கிடப்பது போல அத்தனையும் கிடந்தன. "ஐயோ ஐயோ" என்று வாய்விட்டு அரற்றினார். பக்கத்தில் நின்றவர் அவருக்கு உறவுக்காரர் யாரோ போய்விட்டார்களோ என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் ஸ்டாண்டில் அவர் பெரிய வாத்தியாராகிவிட்டார். "கேட்டுக்கங்கப்பா. இனிமேதான் மெட்ராஸ்லேர்ந்து வண்டிங்க வரும், கம்மி விலைக்கு வரும். பல்லக் காட்டிக்கினு ஓடாதீங்க. மொதல்ல மேட்டத் தூக்கு. அடித் தகரத்துல வண்டல் ஒட்டியிருந்தா திரும்பிப் பாக்காம வந்துரு. ஹெட்லைட்டு கண்ணாடிக்கு உள்பக்கமா தண்ணி நின்ன கோடு இருக்குதா பாரு. சீட்டுக்கடில கைய விட்டு ஸ்பிரிங்கத் தடவு, துரு இருக்குதா பாரு. வண்டி பழசு, சீட்டுத் துணி மட்டும் புதுசுன்னா ஏன்னு கேளு. சென்ட்டு வாசனை ஜாஸ்தியா அடிச்சா, எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

"இஞ்சினக் கழுவி ஆயில் மாத்திட்டா ஓடாதாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓடும். அதுதான் வெனையே. இஞ்சினத் தொடச்சுடலாம். வயருக்குள்ள பூந்த தண்ணிய எந்தத் துணியால தொடப்பே? அது உள்ளயே குந்திக்கினு அரிச்சுக்கினு கிடக்கும். இன்னிக்கு ஹாரன், நாளைக்கு லைட்டு, நாளன்னிக்கு பிரேக்கு. ராத்திரில வெச்ச பிரேக்கு காலைல இருக்காது."

இப்படி ஊருக்கே உபதேசம் பண்ணின மனுஷர் மூன்றாவது மாதமே அதில் விழுந்தார் என்றால் நம்ப முடிகிறதா? விழுந்தார். அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு விழுந்தார்.

வேலூர் பக்கத்து புரோக்கர் கண்ணாயிரம் நெற்றி நிறைய விபூதியோடு ஸ்டாண்டுக்கு வந்தான். மெட்ராஸ் டாக்டர் ஒருத்தரின் அம்பாசிடர், பால் வெள்ளை. "டாக்டர் அந்த வண்டிய ஷெட்ட வுட்டு வெளியவே எடுக்கலண்ணே. அப்டியே பூட்டி வெச்சிருந்தாரு" என்றான். இது சத்தியமான வார்த்தை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஷெட்டை விட்டு எடுக்காததால்தான் அது முழுகியது.

கோதண்டராமன் வேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். பரசுராமன் அந்த வாரம் பூராவும் பாண்டிச்சேரி சவாரி போட்டுவிட்டார். "அதுக்கென்னண்ணே, வெள்ளிக்கிழமை நானே கோபுரத்தாண்ட கொண்டாந்துடறேன். நல்லாப் பாருங்க, புடிச்சா பூஜை, புடிக்கலன்னா நான் திரும்பிக்கினு போறேன்" என்றான் கண்ணாயிரம். காதில் பூச்சுற்றுகிறவன் இதைவிட நியாயமாகப் பேச முடியுமா!

தை மாதக் கடைசி வெள்ளி. உண்ணாமலை விடியும் முன்பே குளித்து, பதினோரு வருஷத்துக்கு முந்தின கல்யாணக் கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். கம்மல் இருந்த காதில் ஈர்க்குச்சி. கீழ்பென்னாத்தூரில் அவள் பங்குக்கு வந்திருந்த மல்லாட்டைக் கொல்லையும், அதாவது நிலக்கடலை போடும் நிலமும், போயிருந்தது. எல்லாம் வண்டிக்காக. வேதாவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, இருவரும் எட்டு மணிக்கெல்லாம் கோபுரத்துக்கு எதிரே வந்து நின்றார்கள். எட்டரை ஆயிற்று, ஒன்பதாயிற்று, ஒன்பதே முக்காலாயிற்று. பத்தரைக்கு ராகு காலம்.

பத்து மணிக்கு வந்தது வண்டி. வந்ததே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி! பானெட் மேல் சாமந்தி மாலை, நான்கு கதவிலும் சந்தனம், குங்குமம், ஹெட்லைட்டுக்குச் சந்தனப் பொட்டு. கண்ணாயிரம் குதித்து இறங்கி, "நேரமாயிடுச்சுண்ணே, டயரு பஞ்சரு" என்று சொல்லிக்கொண்டே எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தான். குருக்கள் கையில் தட்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கோதண்டராமன் வண்டியைச் சுற்றி வருவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தாயிற்று.

அவர் முன் கதவைத் திறந்தார். சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. சீட்டுத் துணி புதுசு. குனிந்து மேட்டின் ஓரத்தைப் பிடித்தார். மேட்டின் மேலும் சந்தனம் தெளித்து, பூ உதிர்த்து வைத்திருந்தான் பாவி. பூ போட்ட இடத்தைக் கிளறுவதா, சூடம் ஏற்றிய பிறகு சந்தேகப்படுவதா என்று கை தயங்கியது. இந்த ஊரில் கோபுரத்துக்கு முன்னால் தீபாராதனை நடக்கும்போது வண்டியின் அடியைத் தூக்கிப் பார்ப்பது, தாலி கட்டும்போது பெண்ணின் பல்லை எண்ணுவதற்குச் சமம். அந்த நேரம் பார்த்துக் குருக்கள் குரல் கொடுத்தார்.

"ஓனர் எங்க? ஓனர் வாங்கோ, ஆரத்தி எடுத்துக்கோங்கோ."

ஓனர்! நாற்பது வருஷ வாழ்க்கையில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கோதண்டராமனின் கை மேட்டை விட்டுவிட்டது. ஓடிப்போய்ச் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேங்காய் உடைந்தது, பூசணிக்காய் உடைந்தது, சாவி தட்டில் வைத்துக் கைக்கு வந்தது. காசு கைமாறியது. கண்ணாயிரம் எந்தப் பக்கம் போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

"ஏறு உண்ணாமல" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மலை சுற்றும்போது செருப்பு போடக் கூடாதல்லவா? வலது காலை வண்டிக்குள் வைத்தாள். வைத்ததும் ஒரு கணம் அப்படியே நின்று கண்ணை மூடினாள். கும்பிடுகிறாள் என்று கோதண்டராமன் நினைத்தார். பிறகு அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் ஒரு கொல்லையைக்கூட விற்றிருப்பார்.

வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே திரும்பிச் செங்கம் ரோட்டைப் பிடித்தார்கள். உண்ணாமலை டேஷ்போர்டைத் தடவினாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். "இது இன்னாங்க? இது எதுக்குங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் புது மாப்பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பத்து வருஷமாக அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த ரோடு இது. எந்த மரத்தடியில் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட வைத்திருந்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ரமணாசிரமத்தை நெருங்கும்போது ஹாரன் அடித்தது. யாரும் கை வைக்கவில்லை, அதுவாக அடித்தது. ஒரேயடியாக அலறியது, நிற்கவே இல்லை. வாசலில் அமைதியாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். கோதண்டராமன் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, வயரைப் பிடுங்கிப் போட்டார். விரலில் பச்சைப் பச்சையாகப் பொடி ஒட்டியது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. புது எடமாச்சே, வண்டி கத்துது."

செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் மலை ரோட்டில் திரும்பிய கொஞ்ச தூரத்துக்கெல்லாம், மழை தூறாத வெயிலில் வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது. அப்புறம் டேஷ்போர்டிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. அடி அண்ணாமலைக்கு அரை மைல் இருக்கும்போது இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

அவர் இறங்கினார். டைனமோவைக் கழற்றினால் உள்ளே சேறு, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. வயரைத் தேடிப் பின் சீட்டைப் பிடுங்கித் தூக்கினார். அடியில் தகரம் தெரியவில்லை. வற்றிய ஏரி மாதிரி வண்டல், பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன் நடுவில், மீசை கலையாமல், கருவாடாகக் காய்ந்துபோன ஒரு கெளுத்தி மீன்.

அடக் கடவுளே, மீன்! வெள்ளிக்கிழமை, விரதம், மலை சுற்று, பூஜை போட்ட வண்டி, அதில் மீன்! கோதண்டராமன் அதை வாலைப் பிடித்துத் தூக்கி வயலில் வீசினார். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஊருக்கெல்லாம் சொன்னேனே! வாய் கிழியச் சொன்னேனே! உன் கம்மலு, உன் கொல்ல, எல்லாத்தையும் சேத்துல போட்டுட்டேனே!"

உண்ணாமலை முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி வரைக்கும் முட்டி மோதிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கக் கதவைத் திறந்தார்.

"எறங்கு. சுத்து ஆரம்பிச்சுட்டு பாதில வுடக் கூடாது. நடந்தே முடிச்சுடலாம். வண்டிய அப்புறம் ஆள் வெச்சு எடுத்துக்கறேன்."

அவள் அசையவில்லை. "நான் எறங்க மாட்டேங்க."

"ஏய், வண்டி செத்துப்போச்சு. குந்திக்கினு இன்னா பண்ணப் போறே?"

"ஒருவாட்டி என்ன எறங்கச் சொன்னாங்க, எறங்கினேன். இது நம்ம வண்டி. இதுலேர்ந்து என்ன யாரு எறங்கச் சொல்றது? நீங்க சொன்னாலும் எறங்க மாட்டேன்."

பத்து வருஷத்துக்கு முந்தி மழையில் இறங்கி நடந்தபோது வராத தண்ணீர் அன்றைக்குத்தான் அவள் கண்ணில் வந்தது. கோதண்டராமன் அதைப் பார்த்தார். அவளை ஸ்டீரிங் பக்கம் நகரச் சொன்னார். "ஏரு ஓட்டியிருக்கே இல்ல? அது மாதிரிதான். நேராப் புடிச்சுக்கோ. நான் சொன்னா திருப்பு." வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் போய், டிக்கியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

இருபது அடி போயிற்று, நின்றது. மறுபடி இருபது அடி. பக்கத்து வயலில் நெல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கதிர் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னாய்யா, காரு கெட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே எல்லம்மாள் என்ற கிழவி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அம்மா எறங்க மாட்டாங்களாம், சுத்து முடியணுமாம். வாங்கடி" என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். நாலு பேர் கை கொடுத்தார்கள். அடி அண்ணாமலை வரைக்கும் வண்டி கடகடவென்று போயிற்று. அங்கே டீக்கடை சகாதேவன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து கொஞ்ச தூரம் தள்ளினார். "தண்ணி குடிச்ச வண்டியா?" என்றார். "ஆமா" என்றார் கோதண்டராமன். அதை முதன்முதலாக வாயால் சொன்னது அப்போதுதான். உண்ணாமலை கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தாள். வெறும் காலால் சுற்றி வந்தவர்கள் தலைமேல் கைகூப்பி "அரோகரா" சொல்லிவிட்டுத் தாங்களும் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனார்கள்.

நாலு மணிக்கு மேல், குபேர லிங்கத்தைத் தாண்டி, கோதண்டராமன் மறுபடி தனியாளாகத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. எதிரே ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. பரசுராமன். சேதி ஸ்டாண்டுக்குப் போயிருந்தது, தாமே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் கயிறு. அவருக்கும் தலை நரைத்துப் போயிருந்தது.

"கயித்தக் கட்டுப்பா, இழுத்துக்கினு போயிடலாம்" என்றார். பிறகு முன் கண்ணாடி வழியாகத் தெரிந்த உண்ணாமலையைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். "அம்மாவ எறங்கி நம்ம வண்டில குந்தச் சொல்லு. வெயில்ல வாடிப் போயிருக்காங்க."

அவருக்கு எழுபத்தைந்தில் பெய்த மழை ஞாபகம் இருந்ததா என்பது அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம்.

உண்ணாமலை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். கோபமே இல்லாமல் சொன்னாள்: "வேணாங்க மொதலாளி. எங்க வண்டிலயே வந்துடறேன்."

பரசுராமன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். தன் வண்டியைத் திருப்பினார். முந்திப் போகாமல், ஹாரன் அடிக்காமல், கோபுரம் வரைக்கும் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

காலையில் எலுமிச்சம்பழம் நசுங்கிய இடத்திலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேற்கே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கோதண்டராமன் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கென்று பத்து வருஷமாக மனசில் வைத்திருந்த சீட்டில். ஸ்டீரிங் அவள் கையில் இருந்தது.

"சுத்து முடிஞ்சுது. இப்ப எறங்கலாமா?" என்றார்.

"இருங்க கொஞ்ச நேரம்."

இருந்தார்கள். அவள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காலைல ஏறும்போதே வாசனை வந்துச்சுங்க. எங்க ஊர் ஏரி வத்தினா அடிக்குமே, சேறு காயற வாசனை. அந்த சென்ட்டையும் மீறி அடிச்சுது."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணை மூடி நின்றது கும்பிடுவதற்கு இல்லை என்று இப்போது புரிந்தது. "ஏண்டி, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"உங்க மூஞ்சப் பார்த்தேன். சொல்ல மனசு வரல. நீங்கதான் ஊருக்கே சொல்ற ஆளாச்சே, நீங்க ஏன் மேட்டத் தூக்கல?"

பூ போட்டிருந்தது, சூடம் எரிந்தது, குருக்கள் கூப்பிட்டார் என்று சொல்ல வாயெடுத்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"கைய வெச்சேன் உண்ணாமல. அடில வண்டல் காஞ்சு சொரசொரன்னு இருந்துச்சு. வெரலு பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. தூக்கினா வண்டி இல்லன்னு ஆயிடும். நீ மறுபடி பஸ்ல போவே. அதான் வுட்டுட்டேன்."

அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "அந்த புரோக்கரு மேல பழியப் போட்டு இன்னாங்க ஆவப் போவுது? நாம ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் ஏமாந்தோம்" என்றாள்.

கண்ணாயிரம் பத்து நாள் கழித்துத் தானாகவே வந்தான். துணிச்சலைப் பாருங்கள்! "பூஜை போட்டு வாங்கின வண்டியக் குத்தம் சொல்லாதண்ணே, சாமி குத்தம்" என்றான். அதோடு நிற்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அருணகிரி என்று ஒருத்தர், பெண் கல்யாணத்துக்கு வண்டி தேடுகிறார், இதைத் துடைத்து அவர் தலையில் கட்டிவிடலாம், "சூடத்த மொதல்ல ஏத்திடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். போன கொல்லை திரும்பி வந்துவிடும். கோதண்டராமனுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் பஸ் ஏறிப் போய் அருணகிரியைப் பார்த்தார். "அவன் எந்த வண்டியக் கொண்டாந்தாலும், சூடம் ஏத்தறதுக்கு முந்தி எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மேட்டைத் தூக்கும் வழக்கம் அப்படித்தான் ஊரில் ஆரம்பித்தது.

வண்டியைக் காயலான் கடைக்காரர் வந்து இரும்பு விலைக்கு எடுத்துப் போனார். உண்ணாமலை அதன் பானெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பினாள்.

கோதண்டராமன் பரசுராமனின் வண்டிக்கே திரும்பினார். கிழவர் இப்போது ரொம்ப மாறிப் போயிருந்தார். "சம்சாரத்த ஏத்திக்கினு ஊருக்குப் போய்ட்டு வாயேன்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அவராகவே எத்தனையோ தடவை சொன்னார். உண்ணாமலையிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "நான் நம்ம வண்டில போயாச்சுங்க. போதும்." அவளுக்குப் போதும். அவருக்குத்தான் போதவில்லை. சவாரி இல்லாமல் வெறுமனே ஓட்டும்போதெல்லாம் இடது பக்கத்து முன் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கூறைப் புடவை சரசரப்பதும், "இது எதுக்குங்க?" என்ற கேள்வியும் காதில் கேட்கும். ஹாரன் அடிப்பதற்கு முன்னால் போன அந்தக் கால் மணி நேரம் மட்டும் திரும்பி வராதா என்று ஏங்கினார். கடைசி வரைக்கும் ஏங்கினார்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூரில் டிக்கெட் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு டவுன் பஸ். ஜன்னலோரம் உண்ணாமலை, அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். அவர் ஒரு தடவை மெல்ல ஹாரன் அடித்தார். ரோடு காலியாக இருந்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் அவர் அந்த பஸ்ஸை முந்தவே இல்லை.